பலதாரமணம் பற்றி வேதபாடம் நடத்துவது எப்படி?

"ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் பல மனைவிகள் இருந்தார்களே, நமக்கு மட்டும் ஏன் ஒன்று?" வேதபாட வகுப்பில் இந்தக் கேள்வி பாதிச் சிரிப்போடுதான் எழும். பதில் சொல்ல வேண்டியவர் "அது பழைய ஏற்பாடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்தப் பதில் நிற்காது. பத்துக் கட்டளைகளும் பழைய ஏற்பாட்டில்தான் இருக்கின்றன. நான்கு வகுப்புகள் ஒதுக்கினால் இதை ஒழுங்காகப் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம்.

முதல் வகுப்பு தொடங்கும் முன்பே பலகையின் இரண்டு மூலைகளில் இரண்டு கேள்விகளை எழுதிவிடுங்கள். இடது மூலையில்: கிறிஸ்தவன் ஒரு மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணக்கலாமா? வலது மூலையில்: ஏற்கெனவே இரண்டு மூன்று மனைவிகளோடு குடும்பம் நடத்துகிறவன் விசுவாசத்துக்கு வந்தால் சபை என்ன செய்ய வேண்டும்? இரண்டும் ஒன்றல்ல. கலந்துவிட்டால், முதல் கேள்விக்குரிய கடுமை இரண்டாவது கேள்வியில் வரும் பெண்கள் தலையிலும் பிள்ளைகள் தலையிலும் விழும். அல்லது இரண்டாவதற்குக் காட்ட வேண்டிய இரக்கம் முதலாவதற்கு அனுமதிச் சீட்டாகிவிடும். முதல் மூன்று வகுப்புகளும் இடது மூலைக்கு, கடைசி வகுப்பு முழுதும் வலது மூலைக்கு.

கையில் வேண்டியவை

இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும்: பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ஒன்று. புத்தகப் பெயர்கள் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆதியாகமம் அதில் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், உபாகமம் இணைச்சட்டம். இதைச் சொல்லாவிட்டால் முதல் பத்து நிமிடம் பக்கம் புரட்டுவதிலேயே போய்விடும்.

அடுத்து ஓர் ஒத்தவாக்கிய அகராதி, அல்லது தேடும் வசதியுள்ள கைபேசிச் செயலி. "மனைவி" என்று மட்டும் தேடினால் பாதி வசனங்கள் தப்பிவிடும். பழைய மொழிபெயர்ப்பு பல இடங்களில் "ஸ்திரீகள்" என்றும் "மறுமனையாட்டிகள்" (முழு மனைவி நிலை இல்லாத துணைவியர்) என்றும் சொல்கிறது. இந்த மூன்று சொற்களையும் "விவாகம்" என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போட வேண்டும்: நடந்தது, வரையறை, நியமம். ஒருவன் என்ன செய்தான் என்று மட்டும் சொல்லும் வசனம் முதல் கட்டத்துக்குப் போகும். இருக்கிற வழக்கத்துக்கு வேலி போடும் சட்டம் இரண்டாவதற்கு. திருமணம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது மூன்றாவதற்கு. இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரு வசனத்தைத் தவறான கட்டத்தில் போடுவதால் வருபவை. "தாவீது செய்தான், ஆகவே சரி" என்பவர் முதல் கட்டத்தில் உள்ளதை மூன்றாவதற்குத் தள்ளுகிறார். "தாவீதின் வீடு எரிந்தது, ஆகவே தேவன் தடை செய்தார்" என்பவரும் அதையேதான் செய்கிறார். இரண்டாமவரை மட்டும் யாரும் தடுப்பதில்லை.

முதல் வகுப்பு: குடும்பக் கதைகள்

ஆதியாகமம் 4:19 முதல். வேதத்தில் முதன்முதலாக இரண்டு பெண்களை மணந்தவன் லாமேக்கு. மனைவிகளின் பெயர் ஆதாள், சில்லாள். அடுத்த சில வசனங்களில் அதே லாமேக்கு தான் ஒருவனைக் கொன்றதை அந்த இருவரிடமும் பாட்டாகப் பாடிப் பெருமையடிக்கிறான். எழுதியவர் கருத்து எதுவும் சொல்வதில்லை, ஆனால் யாருடைய கையில் இந்த வழக்கம் தொடங்கியது என்று காட்டிவிட்டுப் போகிறார். பேழைக்குள் போன நோவாவின் வீட்டைப் பாருங்கள் (7:13): நோவா, மனைவி, மூன்று மகன்கள், அவர்களுடைய மூன்று மனைவிகள். ஆணுக்கு ஒருத்தி.

பிறகு யாக்கோபு. இங்கே அவசரப்படாதீர்கள், அரை மணி நேரம் கொடுங்கள். ஆதியாகமம் 30:14-16ஐ ஒரு பெண் வாசிக்கட்டும். லேயாளின் மகன் ரூபன் வயல்வெளியிலிருந்து, பிள்ளைப்பேறு தரும் என்று நம்பப்பட்ட தூதாயீம் கனிகளைக் கொண்டுவருகிறான். லேயாளின் தங்கையும் யாக்கோபின் இன்னொரு மனைவியுமான ராகேல் அதைக் கேட்கிறாள். லேயாள், என் புருஷனை எடுத்துக்கொண்டது போதாதா, கனியும் வேண்டுமா என்கிறாள். கடைசியில் கனிக்குப் பதில் ஒரு இரவு என்று பேரம் முடிகிறது. சாயங்காலம் வெளியிலிருந்து வருகிற யாக்கோபை லேயாள் வழியிலேயே எதிர்கொண்டு, உம்மை வாங்கியாயிற்று என்று சொல்லிக் கூட்டிப் போகிறாள். பன்னிரண்டு கோத்திரங்களுக்குத் தகப்பனான மனிதன் இந்தக் காட்சியில் வாய் திறப்பதே இல்லை.

31:50ஐப் பலர் கவனிப்பதில்லை. அங்கே லாபான், என் மகள்களைத் தவிர வேறு பெண்களை எடுக்காதே என்று யாக்கோபிடம் உடன்படிக்கை வாங்குகிறான். தன் இரண்டு மகள்களையும் ஒரே ஆளுக்குக் கட்டிவைத்த அதே மாமனார்தான்.

1 சாமுவேல் 1ஆம் அதிகாரத்தில் எல்க்கானாவின் இரண்டு மனைவிகள், அன்னாளும் பெனின்னாளும். 6ஆம் வசனத்தில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் "சக்களத்தி" என்ற சொல்லைப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் கேட்டதும் வகுப்புக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. அங்கே உள்ள எபிரெயச் சொல்லும் "நெருக்கம், உபத்திரவம்" என்பதற்கான சொல்லும் ஒரே வடிவம்.

தாவீதுக்கு ஒரு பயிற்சி வையுங்கள். பலகையில் நான்கு மகன்களின் பெயரை எழுதி, பக்கத்தில் தாயின் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அம்னோன், அகினோவாமின் மகன். அப்சலோம், மாக்காளின் மகன். அதோனியா, ஆகீத்தின் மகன். சாலொமோன், பத்சேபாளின் மகன். இப்போது அம்புக்குறி போடுங்கள்: அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான், சாலொமோன் அதோனியாவைக் கொல்விக்கிறான். கிதியோன் வீட்டில் இதைவிட மோசம். எழுபது மகன்கள், மறுமனையாட்டியின் மகன் அபிமெலேக்கு அவர்களை ஒரே கல்லின்மேல் வெட்டிப் போடுகிறான். தப்பியவன் ஒருவன்தான் (நியாயாதிபதிகள் 9:5).

இங்கேதான் நடத்துகிறவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். தாவீதின் வீட்டில் பட்டயம் புகுந்ததற்கு வேதம் சொல்லும் காரணம் உரியாவின் மனைவியை எடுத்ததும் உரியாவைக் கொன்றதும். மனைவிகளின் எண்ணிக்கை அல்ல (2 சாமுவேல் 12:9-10). சாலொமோனின் 700 மனைவிகளையும் 300 மறுமனையாட்டிகளையும் பற்றி 1 இராஜாக்கள் 11 வைக்கும் குற்றச்சாட்டு, அந்நியப் பெண்கள் அவன் இருதயத்தை வேறு தேவர்கள் பக்கம் சாய்த்தார்கள் என்பது. ஒரே மனைவியோடு வாழ்ந்த ஈசாக்கின் வீட்டிலும் அண்ணன் தம்பி கொலைவெறி இருந்தது. மறுபக்கம், 2 நாளாகமம் 24:2-3இல் அரசன் யோவாஸ் செம்மையானதைச் செய்தான் என்ற வரிக்கு அடுத்த வரியே, ஆசாரியன் யோய்தா அவனுக்கு இரண்டு பெண்களை மணம் செய்வித்தான் என்கிறது. இதை மறைக்காமல் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். வேறு யாராவது காட்டினால் அதன்பின் நீங்கள் சொல்வது எடுபடாது.

இரண்டாம் வகுப்பு: சட்டங்கள், ஒரு சிக்கலான வசனம்

சட்டப் பகுதிகள் ஐந்து. யாத்திராகமம் 21:10-11, லேவியராகமம் 18:18, உபாகமம் 17:17, 21:15-17, 25:5-10. ஐந்தையும் வாசித்துக் கட்டங்களில் போட்டால் நான்கு தடுமாறாமல் "வரையறை"க்குள் போகும். தடுமாற வைப்பது லேவியராகமம் 18:18.

அந்த வசனம், மனைவி உயிரோடிருக்கையில் அவளுடைய சகோதரியை மணக்கக் கூடாது என்கிறது. எபிரெயத்தில் உள்ள தொடரை "ஒருத்தியோடு இன்னொருத்தி" என்றும் எடுக்கலாம். யாத்திராகமம் 26:3இல் கூடாரத் திரைகளை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லும் இடத்தில் அதே அமைப்பு வருகிறது. அப்படி எடுத்தால் மோசேயின் சட்டமே இரண்டாம் மனைவியைத் தடுத்துவிட்டது என்று ஆகும். கவர்ச்சியான வாதம். ஆனால் 6 முதல் 17 வரை எல்லா வசனங்களும் நெருங்கிய உறவினரைப் பற்றியவை. இதுவும் உடன்பிறந்தவளைத்தான் சொல்கிறது என்று எடுப்பதே இயல்பு. இந்த வசனத்தின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றாதீர்கள். யாக்கோபு செய்ததைப் பிற்பாடு சட்டம் தடை செய்தது என்பது மட்டும் உறுதி.

உபாகமம் 17:17இலும் இதே எச்சரிக்கை. ராஜா அநேகம் மனைவிகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை ஒருதாரமணக் கட்டளையாகக் காட்டுவார்கள். முந்தின வசனம் குதிரைகளைப் பெருக்காதே என்கிறது. ஒரே குதிரைதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அதற்குப் பொருள் சொல்வதில்லையே.

உபாகமம் 21:15 ஒரு சிறு கண்டுபிடிப்பைத் தரும். இரண்டு மனைவிகளில் ஒருத்தியை விரும்பி மற்றவளை வெறுக்கிறவன், வெறுக்கப்பட்டவளின் மூத்த மகனுக்குரிய இரட்டைப் பங்கை மாற்றக் கூடாது. "வெறுக்கப்பட்டவள்" என்பதற்கான எபிரெயச் சொல்தான் ஆதியாகமம் 29:31இல் லேயாளுக்கும் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அங்கே "அற்பமாய் எண்ணப்பட்டாள்" என்று இருப்பதால் தமிழ் வாசகருக்கு இந்தத் தொடர்பு தெரிவதில்லை. சட்டம் யாக்கோபின் வீட்டைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது.

யாத்திராகமம் 21:10இன் மூன்று பொருட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்: ஆகாரம், வஸ்திரம், விவாகக் கடமை. அடிமையாக விற்கப்பட்டு மனைவியாக்கப்பட்டவளுக்கே, இன்னொருத்தி வந்த பிறகும் இந்த மூன்றையும் குறைக்கக் கூடாது. குறைத்தால் அவள் பணம் கொடுக்காமல் விடுதலையாகிப் போகலாம். நான்காம் வகுப்பில் இது தேவைப்படும்.

கடைசி இருபது நிமிடம் 2 சாமுவேல் 12:8க்கு. பலதாரமணத்தை ஆதரிக்கிறவர்கள் கையில் உள்ள பலமான வசனம் இது. உன் ஆண்டவனுடைய ஸ்திரீகளையும் உன் மடியில் தந்தேன் என்று தீர்க்கதரிசி நாத்தான் வழியாகத் தேவனே தாவீதிடம் சொல்கிறார். சவுலின் மனைவியையோ மறுமனையாட்டி ரிஸ்பாளையோ தாவீது மணந்ததாக எங்கும் எழுதியில்லை என்பது ஒரு பதில். பழைய அரசனின் அந்தப்புரம் புதிய அரசனைச் சேரும் என்ற வழக்குமொழியில் இது பேசுகிறது என்பார்கள். அதைவிட நல்ல பதில் மூன்று வசனம் தள்ளி இருக்கிறது. 12:11இல் அதே தேவன், உன் ஸ்திரீகளை எடுத்து உன் அயலானுக்குக் கொடுப்பேன் என்கிறார். அப்சலோம் தகப்பனுடைய மறுமனையாட்டிகளிடம் போனபோது அது நிறைவேறியது (16:22). அப்சலோம் செய்தது சரி என்று அதை வைத்து யாரும் வாதாடுவதில்லை. "கொடுத்தேன்" என்பது அங்கீகாரம் அல்ல என்று அந்தப் பகுதியே காட்டிவிடுகிறது.

மூன்றாம் வகுப்பு: புதிய ஏற்பாடு

இரண்டு பேர் எழுந்து நிற்கட்டும். ஒருவர் ஆதியாகமம் 2:24ஐயும் மற்றவர் மத்தேயு 19:5ஐயும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து மெதுவாக வாசிக்கட்டும். "அவர்கள் ஒரே மாம்சமாயிருப்பார்கள்." "அவர்கள் இருவரும் ஒரே மாம்சமாயிருப்பார்கள்." எந்தச் சொல் புதிதாக வந்தது என்று கேளுங்கள். "இருவரும்" எபிரெய மூலத்தில் இல்லை. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் இருக்கிறது. மத்தேயு, மாற்கு, பவுல் (1 கொரிந்தியர் 6:16, எபேசியர் 5:31) எல்லோரும் அந்தச் சொல்லோடுதான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆனாலும் இதோடு நிறுத்தினால் வாதம் பாதியில் நிற்கும். பவுல் அதே 6:16இல் வேசியோடு இணைகிறவனும் ஒரே மாம்சமாகிறான் என்கிறார். அப்படியானால் யாக்கோபு தன் இரண்டு மனைவிகள், இரண்டு மறுமனையாட்டிகள் ஆகிய நான்கு பேரோடும் ஒரே மாம்சமானான் என்று எதிராளி சொல்லலாம். இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிற போதகர்கள் உண்டு.

விடை சில வசனங்கள் தள்ளி, மத்தேயு 19:9இலும் மாற்கு 10:11இலும் இருக்கிறது. தன் மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியை விவாகம்பண்ணுகிறவன் விபசாரம் செய்கிறான். மோசேயின் சட்டத்தில் விபசாரம் என்பது இன்னொருவன் மனைவியோடு சேர்வது. மணமாகாத ஒருத்தியை இரண்டாவதாக மணப்பவன் அந்தச் சட்டப்படி விபசாரன் அல்ல. ஆனால் இயேசு, தள்ளிவிட்ட பிறகும் முதல் திருமணம் நிற்கிறது என்றும், அது நிற்கும்போது இன்னொருத்தியை மணப்பது விபசாரம் என்றும் சொல்கிறார். மாற்கு "அவளுக்கு விரோதமாய்" என்றும் சேர்க்கிறார். தன் சொந்த மனைவிக்கு எதிராக ஒரு ஆண் விபசாரம் செய்ய முடியும் என்று வந்துவிட்டால், இரண்டாம் மனைவிக்கு இடமே இல்லை. தள்ளிவிட்டு மணப்பதே குற்றம் என்றால், தள்ளாமல் மணப்பது எப்படிக் குற்றமில்லாமல் போகும்? இடது மூலைக் கேள்விக்கு வேதத்தில் உள்ள உறுதியான பதில் இதுதான். மற்ற வசனங்கள் எல்லாம் இதற்குத் துணை. அவற்றில் முதலாவது 1 கொரிந்தியர் 7:4: புருஷனுடைய சரீரத்துக்கு அவன் அல்ல, அவன் மனைவியே அதிகாரி.

இப்படி வேதத்தைப் படித்தவர்கள் இயேசுவுக்கு முன்பும் இருந்தார்கள். சவக்கடல் ஓரக் குகைகளிலும் கெய்ரோவின் பழைய ஜெப ஆலயத்திலும் கிடைத்த, பழைய யூதக் குழு ஒன்றின் நூலான தமஸ்கு ஆவணம், ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்ற ஆதியாகமம் 1:27ஐயும், ஜோடி ஜோடியாகப் பேழைக்குள் போனதையும் காட்டி இரண்டு மனைவிகள் எடுப்பதைக் கண்டிக்கிறது. இயேசு மத்தேயு 19:4இல் எடுக்கும் வசனமும் அதே 1:27தான். அதே காலத்தில் பலதாரமணம் யூதரிடையே அற்றுப்போகவும் இல்லை. 1961இல் குகையொன்றில் கிடைத்த பாபாத்தா என்ற பெண்ணின் சுருள்களில், இறந்துபோன கணவனின் சொத்துக்காக அவளும் அவனுடைய இன்னொரு மனைவி மிரியாமும் இட்ட வழக்கு இருக்கிறது. காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு.

1 தீமோத்தேயு 3:2இல் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கிறவனுக்கு, உள்ள தகுதியாக வரும் "ஒரே மனைவியையுடைய புருஷன்" என்பதற்கு நான்கு விளக்கங்கள் உண்டு: பல மனைவிகள் உள்ளவன் ஆகாது, மறுமணம் செய்தவன் ஆகாது, மனைவிக்கு உண்மையுள்ளவனாக இருக்க வேண்டும், மணமானவனாகவே இருக்க வேண்டும். கடைசி விளக்கம் பலவீனமானது, ஏனென்றால் பவுலே மணமாகாமல் இருப்பதைப் பாராட்டுகிறார். சரிபார்க்க 5:9ஐ எடுங்கள். அறுபது வயது விதவை "ஒரே புருஷனுக்கு மனைவியாயிருந்தவள்" ஆக இருக்க வேண்டும் என்று அங்கே அதே அமைப்பு திருப்பிப்போட்டு வருகிறது. ஒரே நேரத்தில் பல கணவர்கள் உள்ள விதவைகள் அந்தச் சபையில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே தொடரின் முதன்மைப் பொருள் உண்மையோ ஒருமுறைத் திருமணமோதான். பலதாரமணம் அதற்குள் அடங்கி விலக்கப்படுகிறது. "கண்காணிக்குத்தானே ஒன்று, மற்றவர்களுக்கு எத்தனையும் ஆகலாம்" என்ற வாதம் வந்தால் அதே பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். மதுபானப்பிரியன் ஆகாது என்பதும் அங்கேதான் இருக்கிறது.

மத்தேயு 25இன் பத்துக் கன்னிகைகளையும் யாராவது இழுப்பார்கள். அவர்கள் மணவாளனை எதிர்கொண்டு போன தோழிகள். அரை நிமிடம் போதும்.

சபை வரலாற்றுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், ஆனால் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன், ஆபிரகாம் போன்ற முற்பிதாக்களின் பல மனைவிகளை அக்கால வழக்கம் என்று பார்த்தார். தன் காலத்தில் அது ஆகாது என்றார். சீர்திருத்தத் தலைவர் லூத்தர் 1524இல் எழுதிய கடிதத்தில், வேதத்தை வைத்து இதைத் தடுக்கத் தன்னால் முடியவில்லை என்றார். 1539இல் அவரும் அவருடைய சக ஊழியர் மெலாங்தனும் ஜெர்மன் சிற்றரசரான ஹெஸ்ஸேயின் பிலிப்புக்கு இரகசியமாக இரண்டாம் திருமணத்துக்கு ஆலோசனை கொடுத்தார்கள். 1540 மார்ச்சில் திருமணம் நடந்தது, இரகசியம் நிற்கவில்லை, சீர்திருத்த இயக்கத்துக்குப் பெரிய அவமானமானது. அதற்கு முன்பே 1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைப் பிடித்த அனாபாப்திஸ்துக் குழு (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காதவர்கள்) பலதாரமணத்தைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. அடுத்த ஆண்டே நகரம் வீழ்ந்தது. 1563இல் திரெந்து சங்கம் கத்தோலிக்கத் தரப்பில் பலதாரமணத்தைச் சாபத்தீடாக விலக்கியது. மார்மன் சபை 1852இல் இதைப் பகிரங்கமாகப் போதித்து, 1890 அறிக்கையில் கைவிடுவதாக அறிவித்தது.

நான்காம் வகுப்பு: ஏற்கெனவே இருக்கும் குடும்பம்

வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவராக இருக்கலாம். ஆகவே "சின்ன வீடு" நையாண்டிகளை வாசலிலேயே நிறுத்துங்கள், யாரையும் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள்.

சபைகள் இரண்டு வழிகளில் போயிருக்கின்றன. 1888இல் ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு, பல மனைவிகள் உள்ளவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, ஆயத்த வகுப்பில் வைத்திருக்கலாம் என்றது. நூறு ஆண்டுகள் கழித்து 1988 மாநாட்டின் 26ஆம் தீர்மானம் மாற்றியது: இப்போதுள்ள மனைவியரில் யாராவது உயிரோடிருக்கும்வரை வேறு மணம் செய்வதில்லை என்று வாக்களித்தால், உள்ளூர்ச் சபையும் இசைந்தால், விசுவாசிக்கும் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் அவனுக்கு ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் கொடுக்கலாம், மனைவிகளைத் தள்ளிவிடும்படி அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏனென்றால் தள்ளப்பட்டவள் சமூகத்தில் திண்டாடுவாள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1148ஆம் விதி வேறு வழி: ஞானஸ்நானத்துக்குப் பின் ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், முதல் மனைவியோடு வாழ்வது அவனுக்குக் கடினமானால் மற்றவர்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம், ஆனால் அனுப்பப்படுகிறவர்களின் தேவைகள் நீதிப்படி கவனிக்கப்பட வேண்டும்.

தள்ளிவிடச் சொல்லும் தரப்பு எஸ்றா 10ஐக் காட்டும். அங்கே பிரச்சினை அந்நியப் பெண்கள், எண்ணிக்கை அல்ல. இன்னொரு சிக்கலும் உண்டு: பலதாரமணத்தைத் தீர்க்க விவாகரத்தைப் பயன்படுத்தினால், மத்தேயு 19இல் இயேசு நேரடியாகக் கண்டித்ததைச் சபையே செய்யச் சொன்னதாகிவிடும். ஒன்றைத் தடுக்க எடுத்த வசனம் மற்றதையும் தடுக்கிறது. 1988 தீர்மானத்தின் வழி வேதத்துக்கு நெருக்கமானது என்று நாங்கள் நினைப்பது இதனால்தான்.

மூப்பர்கள் இப்படி ஒரு குடும்பத்தைச் சந்திக்கும்போது செய்ய வேண்டியவை சில. ஒவ்வொரு மனைவியையும் தனித்தனியாக, கணவன் இல்லாத இடத்தில், ஒரு பெண் உதவியாளரை வைத்துக்கொண்டு கேளுங்கள். கணவன் முன்னால் "சரி" என்பவள் தனியாக வேறு சொல்வது சாதாரணம். ஒருத்தி தானாகவே பிரிந்துபோக விரும்பினால், யாத்திராகமம் 21:10இன் முதல் இரண்டு பொருட்களே உங்கள் பட்டியல்: அவளுக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாடும் துணியும் எவ்வளவு, யார் கொடுப்பது, எந்தத் தேதியில். இனி மணம் செய்வதில்லை என்ற வாக்கைச் சபை முன் வாங்குங்கள், எழுத்தில். மூப்பர், உதவிக்காரர் பொறுப்புகள் அவனுக்கு இல்லை என்பதை ஞானஸ்நானத்துக்கு முன்பே சொல்லுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றியது போலாகும். அந்த நாட்டுச் சட்டம் இரண்டாம் திருமணத்தை ஏற்காத இடமானால், இரண்டாமவளின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை எப்படி என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரை உள்ளபடியே எழுத வேண்டும். எந்தத் தாயின் பிள்ளை என்பதை மழுப்பி எல்லோரையும் முதல் மனைவியின் பெயரில் பதிந்துவிட்டால், பிற்பாடு பள்ளியிலும் சொத்துப் பங்கிலும் சிக்கும் பிள்ளை இரண்டாமவளுடையதாகத்தான் இருக்கும்.